வேலியும் பயிரும்: புதிய கொரோனா வைரசும் உடலின் காவலும்

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எங்ஙனம் என்று வினவுவது தமிழ் மக்களின் பழைய வழக்கு. காவலுக்கென வைத்த ஒன்று, தான் காக்கவேண்டிய பொருளையே அழிக்கத் தொடங்குமாயின், அதனினும் பெரிய இடர் பிறிதில்லை என்பது அதன் கருத்து. 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில், உலகின் பல நகரங்களிலுள்ள வைத்தியசாலைகளில் இப்பழமொழியின் பொருள் கண்கூடாயிற்று. காய்ச்சலும் இருமலுமாக வந்த நோயாளர் பலர், முதல் வாரத்தை ஓரளவு நலமாகவே கழித்தனர். இரண்டாம் வாரத்தில் அவர்களுட் சிலருக்குத் திடீரென மூச்சுத் திணறிற்று. சுவாசப்பைகளில் நீர் கோத்தது. அவ்வேளையில் அவர்களுடைய தொண்டையிலிருந்த வைரசின் அளவு பெருகியிருத்தல் வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. பலரிடத்து வைரசு குறைந்துகொண்டிருந்தது. பகை குறையக் குறைய நோய் மிகுந்தது எவ்வாறு? அவ்வேளையில் நோயாளியைத் தாக்கியது யார்?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு 2020ஆம் ஆண்டு மட்டும் போதாது. உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை மனிதன் எவ்வாறு படிப்படியாக அறிந்தான் என்ற நெடுங்கதையைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

ஒருமுறை வந்த நோய் மறுமுறை வருவதில்லை என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கிறித்துவுக்கு முன் 430ஆம் ஆண்டில் ஏதென்சு நகரைப் பெருங் கொள்ளைநோய் பற்றியபோது, அந்நோயினின்று பிழைத்தவர்களே அஞ்சாது நோயாளரைப் பேணினர் என்று துசிடைடிசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். அவரும் அந்நோய்க்கு ஆளாகிப் பிழைத்தவரே. ஆயின், பிழைத்தவர் உடலில் எஞ்சியிருந்த அந்தக் காவல் யாது என்பதை அவர் காலத்தவர் அறியார். 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், எட்வேர்ட் ஜென்னர் என்ற ஆங்கில வைத்தியர், பசுவின் அம்மைக் கொப்புளநீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையில் இட்டார். பின்னர் மனிதரைக் கொல்லும் பெரியம்மைச் சீழையே அவனுக்கு இட்டபோதும் நோய் தோன்றவில்லை. 1802ஆம் ஆண்டிலேயே அவ்வம்மைப்பால் கடல் கடந்து இலங்கைக்கும் வந்துவிட்டது. ஜென்னர் முறையைக் கண்டாரேயன்றி அதன் காரணத்தைக் கண்டாரல்லர். உடல் எதனைக் கொண்டு தன்னைக் காத்தது என்பது, மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மறைபொருளாகவே இருந்தது.

அம்மறையை முதலில் ஓரளவு திறந்தவர் எலி மெச்னிக்கோவ் என்னும் உருசிய விலங்கியலாளர். 1882ஆம் ஆண்டில் அவர் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்தார். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குடம்பிகளை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்வது அவர் வேலை. ஒருநாள், அக்குடம்பியின் உடலில் ஒரு சிறு முள்ளைக் குத்திவைத்தால் என்ன நிகழும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அவ்வாறே செய்தார். மறுநாட் காலையில் நோக்கினால், அம்முள்ளைச் சூழ்ந்து நகரும் கலங்கள் மொய்த்துக்கொண்டு அதனை விழுங்க முயன்றன. நம்முடைய காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ்கட்டுவதும் இதனாலேயே என்று அவர் துணிந்தார். தின்குழியங்கள் என நாம் வழங்கும் குருதிக் கலங்கள் இவையே. வீக்கம் என்பது நோயன்று, நோயை எதிர்க்கும் போரின் அடையாளம் என்ற கருத்து இங்ஙனம் பிறந்தது.

ஜேர்மனியில் எழுந்த கருத்தோ வேறு. 1890ஆம் ஆண்டில், பேர்லினில் எமில் பெயரிங் என்பவரும், யப்பானிலிருந்து வந்து கற்ற கிட்டசாட்டோ என்பவரும், ஏற்புவலி நஞ்சைத் தாங்கிப் பிழைத்த விலங்கின் குருதியிலிருந்து தெளிந்த நீரை எடுத்து மற்றொரு விலங்குக்கு ஏற்றினர். அவ்விலங்கும் நஞ்சினின்று காக்கப்பட்டது. அந்நீரில் கலம் ஒன்றும் இல்லை. ஆயினும் காவல் இருந்தது. அங்ஙனமாயின், காப்பது குருதியில் கரைந்துள்ள ஒரு பொருளே என்று அவர்கள் வாதித்தனர். அப்பொருள்களே இன்று பிறபொருளெதிரிகள் எனப்படுகின்றன. காப்பவை கலங்களா, நீரிற் கரைந்த பொருள்களா என்ற வழக்கு இரு நாட்டாரிடையே பல ஆண்டு நடைபெற்றது. 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கும் சபையார், கலங்களைக் கண்ட மெச்னிக்கோவுக்கும், பிறபொருளெதிரிகளை ஆராய்ந்த பவுல் எயர்லிக்குக்கும் பரிசை ஒருங்கே பகிர்ந்தளித்தனர். இருவர் கூற்றும் மெய்யே என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தின.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இத்துறையின் பொற்காலம் எனலாம். 1957ஆம் ஆண்டில் இலண்டனில் அலிக் ஐசக்சு, சான் லிண்டன்மன் என்னும் இருவர், வெப்பத்தால் வலியிழந்த இன்புளுவென்சா வைரசைக் கோழிமுட்டைச் சவ்வுத் துண்டுகளோடு ஊறவைத்தனர். அச்சவ்வு வெளியிட்ட நீரைப் புதிய சவ்வுக்கு இட்டபோது, அதனை வைரசு பற்றவில்லை. வைரசாற் பற்றப்பட்ட கலம், அண்டை அயலிலுள்ள கலங்களுக்கு எச்சரிக்கை விடுக்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. வைரசின் செயலில் குறுக்கிடுவதால் அவ்வெச்சரிக்கைப் பொருளுக்கு இன்டர்பெரோன் என்று பெயரிட்டனர். ஊரில் திருடன் புகுந்தால் முதல் வீட்டுக்காரன் எழுப்பும் கூக்குரல் போன்றது அது. கூக்குரல் கேட்ட அயலார் கதவுகளை அடைத்துக்கொள்வர்.

அதே 1957ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் மக்பாலன் பேர்னற் என்பவர் மற்றொரு கொள்கையை வெளியிட்டார். உடலிலுள்ள கோடானுகோடி நிணநீர்க் குழியங்களுள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை அறிந்துகொள்ளும் பூட்டைப் போன்றது. பகைவன் புகும்போது அவன் வடிவத்துக்குப் பொருந்திய குழியம் மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டுப் பல்கிப் பெருகும் என்பது அவர் கூற்று. 1961ஆம் ஆண்டில் சாக் மில்லர் என்ற இளம் ஆராய்ச்சியாளர், மார்பெலும்பின் பின்னே கிடக்கும் தைமசுச் சுரப்பியைப் பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து நீக்கிப் பார்த்தார். பயனற்றதென அதுகாறும் பலர் கருதிய அவ்வுறுப்பை இழந்த எலிகள், தொற்றுக்கு எளிதில் இரையாயின. பிற எலியின் தோலை ஒட்டினாலும் அதனை அயற்பொருளென்று அறிந்து தள்ளும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. தைமசிலே பயிற்சி பெறும் அக்குழியங்களே ‘ரீ’ குழியங்கள். அவற்றுட் சில, வைரசு புகுந்த கலங்களைத் தேடிக் கொல்வன; சில, பிறபொருளெதிரிகளை ஆக்கும் ‘பீ’ குழியங்களை ஊக்குவன. வேறு சிலவோ படையை அடக்கி நிறுத்துவன. இவ்விறுதி வகையை 1995ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் சிமொன் சக்காகுச்சி எடுத்துக்காட்டினார். அவரும் அமெரிக்க அறிஞர் இருவரும் இத்துறைப் பணிக்காக 2025ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். காவற்படைக்கு வாள் எவ்வளவு இன்றியமையாததோ, கடிவாளமும் அவ்வளவு இன்றியமையாதது என்பதே அவர்கள் உணர்த்திய உண்மை.

ஆகவே, உடலின் காவல் இரண்டு அணிகளாக அமைந்துள்ளது. முதல் அணி பிறவியிலேயே உள்ளது. இன்டர்பெரோனும் தின்குழியங்களும் அதனைச் சார்ந்தவை. பகைவன் யாரென்று விசாரியாமலே சில மணி நேரத்துள் அது எழும். இரண்டாம் அணி, பகைவனின் முகமறிந்து போர்புரியும் நிணநீர்க் குழியங்கள். அவ்வணி திரண்டெழ ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். ஆயின் ஒருமுறை கண்ட பகைவனை அது மறவாது. முதல் அணி பகைவனைத் தடுத்து நிறுத்தி, இரண்டாம் அணி வந்ததும் அடங்கிவிடல் வேண்டும். இந்த முறை தவறுமாயின் நேரும் கேடு எத்தகையது என்பதையே கொரோனா வைரசு உலகுக்குக் காட்டிற்று.

கொரோனா வைரசுகள் மனிதருக்கு அறிமுகமானது அச்சத்தோடு அன்று; தடிமனோடுதான். இங்கிலாந்தின் சோல்சுபரி நகருக்கு அருகே, சாதாரண தடிமனை ஆராய்வதற்கென்றே 1946ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு நிலையம் இயங்கி வந்தது. தொண்டர்கள் தாமாகவே அங்குச் சென்று தங்கி, மூக்கில் நோய்த்துளிகளை ஏற்றுக்கொள்வர். தடிமன் பிடித்த பள்ளி மாணவன் ஒருவனிடம் 1960களின் தொடக்கத்தில் எடுத்த நீர், வழமையான வளர்ப்பு முறை எதற்கும் பிடிகொடுக்கவில்லை. ஆயினும் தொண்டருக்குத் தடிமனை உண்டாக்கிற்று. டேவிட் டைரல் என்னும் வைத்தியர் அதனை மனித மூச்சுக்குழாய்த் திசுவில் வளர்த்தெடுத்து, 1965ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் சிக்காகோ ஆராய்ச்சியாளரும் அத்தகைய வைரசொன்றை அறிவித்தனர்.

அவ்வைரசின் உருவத்தைக் கண்டவர் யூன் அல்மெய்டா என்னும் அம்மையார். 1930ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் பஸ் சாரதி ஒருவரின் மகளாகப் பிறந்து, வசதியின்மையால் பதினாறாம் வயதிலேயே பள்ளிப்படிப்பை நிறுத்திக்கொண்டவர் அவர். ஆய்வுகூட உதவியாளராகத் தொழில் தொடங்கி, இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கையாள்வதில் நிகரற்றவரானார். பிறபொருளெதிரிகளைக் கொண்டு வைரசுகளை ஒன்றுதிரட்டிக் காணும் முறையில் அவர் கைதேர்ந்தவர். டைரல் அனுப்பிய மாதிரியில், உருண்டை வடிவமும் அதனைச் சூழ ஒளிவட்டம் போன்ற முனைகளும் கொண்ட வைரசை அவர் கண்டார். ஞாயிற்றின் ஒளிமுடியை நினைவூட்டிய அவ்வடிவத்துக்கு முடி எனப் பொருள்படும் கொரோனா என்ற பெயர் 1968ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது.

அக்காலத்தில் இவ்வைரசுகளை எவரும் பெரிதாக மதித்திலர். எனினும் பின்னாளிற் பயன்படவிருந்த ஒரு பாடம் சோல்சுபரி நிலையத்திலேயே கிடைத்தது. தடிமனை உண்டாக்கும் கொரோனா வைரசைப் பதினைந்து தொண்டருக்கு இட்டதில் பத்துப் பேரை அது பற்றியது. அவர்கள் குருதியில் எழுந்த பிறபொருளெதிரிகள் சில வாரங்களில் உச்சத்தை அடைந்து, பின் படிப்படியாகக் குறைந்தன. ஓராண்டு கழித்து அதே வைரசை மீண்டும் இட்டபோது, முன்னர்த் தொற்றுற்றோருட் பலரை அது மறுபடியும் பற்றியது. ஆனால் அவர்களுள் ஒருவருக்கேனும் தடிமன் தோன்றவில்லை. 1990ஆம் ஆண்டில் வெளியான இம்முடிபு கூறியது இதுவே: கொரோனா வைரசுக்கு எதிராக உடல் கட்டும் மதில், பகைவன் நுழைவதை என்றென்றும் தடுப்பதன்று; நுழைந்தவன் கொள்ளையிடாமற் காப்பது.

இவ்வைரசுக் குலத்தின் கொடிய முகம் 2003ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில் தோன்றிய சார்சு என்னும் நோய், ஏறத்தாழ முப்பது நாடுகளில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றி, 774 பேரைப் பலிகொண்டது. அதனை உண்டாக்கியது ஒரு புதிய கொரோனா வைரசே என்று முதலிற் கண்டறிந்தோருள் முதன்மையானவர், ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக் குழுவொன்றை நடத்திய மலிக் பீரிஸ் என்னும் இலங்கையர். பேராதனையில் வைத்தியம் கற்ற அவர், இளமையில் ஒக்ஸ்போர்ட்டில் ஆராய்ந்தபோதே ஒரு விந்தையைக் கண்டிருந்தார். சில வைரசுகளைப் பொறுத்தவரை, பிறபொருளெதிரிகள் அவற்றைத் தடுப்பதற்கு மாறாக, தின்குழியங்களுக்குள் அவை புகுவதற்கே வழிகோலக்கூடும் என்பதை அவரும் அவருடைய ஆசிரியரும் 1979ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காவல் சில வேளை கதவாகவும் மாறும் என்பதை அறிந்த ஒருவரின் கையிலேயே சார்சு நோயும் வந்து சேர்ந்தது.

ஹொங்கொங்கில் எழுபத்தைந்து நோயாளரை மூன்று வாரம் தொடர்ந்து நோக்கிய பீரிஸ் குழுவினர், வைரசின் அளவு ஏறத்தாழப் பத்தாம் நாளில் உச்சத்தை அடைந்து பின் இறங்கிவிடுவதைக் கண்டனர். ஆயின் பலருடைய சுவாசப்பைகள் அதன் பின்னரும் சீர்கெட்டுக்கொண்டே சென்றன. இரண்டாம் வாரத்தின் சீர்கேடு வைரசின் பெருக்கத்தால் மட்டும் விளைவதன்று. உடலின் எதிர்ப்பே உறுப்புகளைச் சேதப்படுத்துகின்றது போலும் என்று அவர்கள் எழுதினர். அக்கூற்று 2003ஆம் ஆண்டில் அச்சேறியது. அதன் முழுக் கனத்தை உலகம் உணர்ந்ததோ பதினேழு ஆண்டுகளின் பின்னரே.

2019ஆம் ஆண்டு டிசம்பரில் சீனத்தின் வூஹான் நகரில் மீண்டும் ஒரு புதிய நிமோனியாக் காய்ச்சல் தோன்றியது. அடுத்த மாதத்தின் இரண்டாம் வாரத்துக்குள் அதன் வைரசின் மரபணு எழுத்துகள் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. சனவரி 27ஆம் நாள், சீனத்திலிருந்து சுற்றுலா வந்த பெண்மணி ஒருவரிடம் இந்நோய் இலங்கையிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் நலமடைந்து நாடு திரும்பினார். மார்ச்சு 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இதனை உலகளாவிய பெருந்தொற்று என்றது. அரசுகள் அறிவித்த கணக்கின்படி மட்டும் ஏறத்தாழ எழுபது இலட்சம் உயிர்கள் மடிந்தன. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலேயே மிகைச் சாவுகள் ஒன்றரைக் கோடியை அண்டியிருக்கும் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துகளால் ஆன அச்சிறு நூலினுள், உடலின் காவலை ஏமாற்றும் உபாயங்கள் பல அடங்கியிருந்தன. வைரசின் முடியிலுள்ள முனைப்புரதம், மனிதக் கலத்தின் மேலுள்ள ஏசிஇ-2 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொண்டு உள்ளே புகுகின்றது. புகுந்ததும் வைரசு செய்யும் முதல் வேலை, கூக்குரல் எழாதபடி வாயைப் பொத்துவது. அதன் புரதங்களுள் ஒன்று, கலம் தன் சொந்தப் புரதங்களை ஆக்கும் பொறிகளில் நுழைந்து அவற்றை முடக்குகின்றது. மற்றொன்று, அபாயச் செய்தி கலக்கருவினுட் செல்லும் வாயிலை அடைக்கின்றது. வேறொன்று, வைரசின் செய்தி இழைகளுக்கு மனிதக் கலத்தின் முத்திரையையே இட்டு அவற்றை உள்ளூர்ச் சரக்காகக் காட்டுகின்றது. இதனால் இன்டர்பெரோன் எழுவது பிந்துகின்றது. நோயறிகுறி தோன்றுமுன்பே ஒருவர் பிறருக்குத் தொற்றைப் பரப்பியதற்கு இந்த மௌனமும் ஒரு காரணமாகும்.

கூக்குரல் பிந்திய ஊரில் தீ பல இடங்களிற் பரவியிருக்கும். அதன்பின் ஓடிவரும் படை நிதானம் இழந்துவிடுகின்றது. 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெளியான ஆராய்ச்சிகள், கடுநோயாளர் பலரிடம் இன்டர்பெரோன் குறைவாகவும், வீக்கத்தைத் தூண்டும் தூதுப்பொருள்கள் மிகுதியாகவும் இருப்பதைக் காட்டின. இத்தூதுப்பொருள்கள் சைற்றோகைன்கள் எனப்படும். அவற்றின் அழைப்பினால் தின்குழியங்களும் பிற வெண்குழியங்களும் சுவாசப்பைக்குள் திரள்கின்றன. காற்றையும் குருதியையும் பிரித்து நிற்கும் மெல்லிய சுவரை அவை சிதைக்கின்றன. காற்றறைகளில் நீர் நிறைகின்றது. நுண்ணிய குருதிக்குழாய்களில் குருதி உறைகின்றது. அதே வேளையில், முகமறிந்து போரிடவேண்டிய ‘ரீ’ குழியங்களோ குருதியில் அருகிப் போகின்றன. ஒழுங்கற்ற கும்பல் பெருக, பயின்ற வீரர் குறைவது போன்ற நிலை இது. வயது முதிர்ந்தோரிடத்து, புதிய வீரரைப் பயிற்றும் தைமசு முன்னமே சுருங்கிவிடுவதால் இடர் மேலும் மிகுந்தது.

இங்கேதான் வைத்தியர்களுக்குப் பெரியதொரு தருமசங்கடம் எழுந்தது. வீக்கத்தை அடக்கும் மருந்துகள் அவர்கள் கையில் இருந்தன. ஆயின் அவற்றைக் கொடுத்தால் உடலின் படை தளர்ந்து, வைரசு கட்டுமீறிப் பெருகுமே என்ற அச்சம் ஒருபுறம். கொடாவிட்டால் நோயாளி தன் படையாலேயே மாய்வானே என்ற அச்சம் மறுபுறம். முந்திய சார்சுக் காலத்தின் அனுபவமும் தெளிவான வழியைக் காட்டவில்லை. இரு சாராரும் தத்தம் கருத்தை வலியுறுத்தினர். கட்டிலிற் கிடந்த நோயாளருக்கோ காத்திருக்க நேரமில்லை. வாதத்தாற் தீராத இவ்வழக்கைச் சோதனையால் தீர்க்க, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் பிரித்தானிய வைத்தியசாலைகளிலே ஒரு பெரும் பரிசோதனையை 2020 மார்ச்சில் தொடங்கினர். 2,104 நோயாளருக்கு டெக்சாமெதசோன் என்னும் மலிவான பழைய மருந்து கொடுக்கப்பட்டது. 4,321 பேருக்கு வழமையான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. யாருக்கு எது என்பதைத் திருவுளச் சீட்டைப் போன்ற தற்செயல் முறையே தீர்மானித்தது.

யூன் 16ஆம் நாள் முடிபு வெளியாயிற்று. செயற்கைச் சுவாசப் பொறியில் இருந்தோருள், மருந்து பெறாதவரில் நூற்றுக்கு 41 பேர் நான்கு வாரத்துள் இறந்தனர். மருந்து பெற்றவரில் 29 பேரே இறந்தனர். ஒட்சிசன் மட்டும் பெற்றோரிடத்தும் சிறிது நன்மை தோன்றியது. ஆனால் ஒட்சிசன் தேவைப்படாத இலேசான நோயாளருக்கு அம்மருந்து எந்த நன்மையும் செய்யவில்லை. தீங்கு செய்திருக்கலாம் என்ற ஐயத்துக்கும் அவ்வெண்கள் இடந்தந்தன. ஒரே மருந்து, ஒரே நோய். இரண்டாம் வாரத்தில் உயிர் காப்பது முதல் வாரத்திற் பயனற்றுப் போகின்றது. காவற்படையை எப்போது ஊக்குவது, எப்போது அடக்குவது என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள கோடு என்பது அன்று ஐயமற நிறுவப்பட்டது.

அவ்வாண்டின் செப்டெம்பரில் மற்றுமோர் உண்மை புலப்பட்டது. ஒரே வயதும் ஒரே உடல்நலமும் உடையோருள் ஒருவர் இலேசாகத் தேற, மற்றவர் இறப்பது ஏன் என்ற வினாவை ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவொன்று, கடுநோயுற்ற 987 பேரின் குருதியைச் சோதித்தது. அவர்களுள் 101 பேரிடம், தம் சொந்த இன்டர்பெரோனையே செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரிகள் இருந்தன. அவர்களுட் பெரும்பான்மையோர் ஆடவர். இலேசான நோயுற்ற 663 பேரைச் சோதித்ததில் ஒருவரிடமேனும் அவை காணப்படவில்லை. வைரசு வருமுன்னரே அவர்களுடைய ஊர்க்காவலன் வாய் கட்டப்பட்டிருந்தான் என்பது இதன் பொருள். பெயரிங் கண்ட பிறபொருளெதிரி, ஐசக்சு கண்ட இன்டர்பெரோனைக் கொன்ற விந்தை இது. வேலி பயிரை மேய்ந்தது மட்டுமன்று. ஒரு வேலி மற்றொரு வேலியையும் மேய்ந்தது.

எனினும் காவற்படையின் தவறுகளை மட்டும் பேசி அதன் பெருமையை மறப்பது முறையன்று. இவ்வைரசு பற்றியோருட் பெரும்பாலோர் தம் உடலின் ஆற்றலாலேயே தேறினர். சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர், 2003ஆம் ஆண்டில் சார்சு நோயினின்று பிழைத்தவர்களைப் பதினேழு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, அப்பழைய பகைவனை அறியும் ‘ரீ’ குழியங்கள் அவர்கள் குருதியில் இன்னும் விழித்திருந்தன. பிறபொருளெதிரிகள் குறைந்த பின்னும் நினைவு குன்றுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்நினைவை நோயின்றியே ஊட்டும் கலையே தடுப்பூசி. அதற்கும் இக்கதையில் ஓர் இடமுண்டு. செய்தி இழைகளை உடலிற் செலுத்தினால் முதல் அணி அவற்றைப் பகையென்று கருதிக் கடும் வீக்கத்தை உண்டாக்கிவிடும் என்பது பல்லாண்டு கால இடையூறாக இருந்தது. அவ்விழையின் ஓர் எழுத்தைச் சிறிது மாற்றினால் அப்படை அமைதியாக இருக்கும் என்பதைக் கட்டலின் கரிக்கோ, துரூ வைசுமன் என்னும் இருவர் 2005ஆம் ஆண்டில் காட்டினர். அக்காலத்தில் அதனைப் பெரிதாக மதித்தோர் சிலரே. 2023ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2020 டிசம்பரில் பிரித்தானியாவில் அத்தகைய ஊசி மக்களுக்கு வழங்கப்படலாயிற்று. வேறு முறையில் ஆக்கப்பட்ட ஊசியொன்று, இந்தியாவிலிருந்து வந்து, 2021 சனவரி 29ஆம் நாள் தொடக்கம் இலங்கையிலும் இடப்பட்டது. பிறபொருளெதிரியே கதவாகிவிடுமோ என்ற பழைய அச்சம் இவ்வூசிகளின் விடயத்திலும் எழுந்ததுண்டு. கோடிக்கணக்கானோர் ஊசி பெற்ற பின்னும் அது மெய்ப்படவில்லை.

2021 நவம்பரில் ஒமிக்குரோன் என்ற திரிபு தோன்றியபோது, வைரசின் முடியில் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. முகம் மாறிய பகைவனைப் பிறபொருளெதிரிகள் பல அடையாளங் காணத் தவறின. ஊசி பெற்றோரும் தொற்றுற்றனர். ஆயின் ‘ரீ’ குழியங்களுட் பெரும்பாலானவை அவனை இன்னும் அறிந்தன. ஊசி பெற்றோருட் பெரும்பாலோர் கடுநோய்க்கு ஆளாகவில்லை. சோல்சுபரித் தொண்டர்கள் தம் மூக்கிலேற்ற துளிகள் முன்னர் உரைத்த பாடமே உலகளவில் மெய்ப்பிக்கப்பட்டது.

இவ்வரலாற்றைக் கற்பவர், பெருந்தொற்றுக் காலத்தில் ஊரெங்கும் ஒலித்த ஒரு சொல்லையும் சிந்தித்தல் நன்று. எதிர்ப்பாற்றலைப் பெருக்குவது என்பதே அச்சொல். அதன் பெயரால் எத்தனையோ பொடிகளும் கசாயங்களும் விலைப்பட்டன. 2020 டிசம்பரில் கேகாலைப் பகுதியில், நோயைத் தடுக்குமெனப்பட்ட ஒரு பாணியைப் பெறுவதற்கு ஆயிரக்கணக்கானோர் இடைவெளியின்றி நெருங்கி நின்றனர். நோய்க்கு அஞ்சி மருந்து தேடிச் சென்ற கூட்டமே நோய் பரவ வாய்ப்பாகும் நிலை உண்டாயிற்று. அச்சத்தில் உழன்ற மக்களைப் பழிப்பது எளிது; அவர்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்லாதிருந்த குறை பலரையும் சாரும். அவ்வுண்மை யாதெனின், உடலின் காவல் வெறுமனே பெருக்கப்படவேண்டிய செல்வமன்று என்பதே. அது உரிய காலத்தில் எழவேண்டும். உரிய பகைவனை அறியவேண்டும். கடமை முடிந்ததும் அடங்கவேண்டும். இரண்டாம் வாரத்தில் இறந்தோருட் பலரிடம் குறைவாயிருந்தது வலிமையன்று, அளவே.

முள்ளைச் சூழ்ந்த கலங்களை மெச்னிக்கோவ் கண்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. நோய் நீங்கிய பின்னும் மாதக்கணக்காகச் சோர்வாலும் மூச்சிரைப்பாலும் வருந்துவோர் இன்றும் பலர் உளர். காவற்படை முழுமையாக அடங்காமையே அதன் காரணமா என்பது ஆய்வுகூடங்களில் இப்போதும் ஆராயப்படுகின்றது. பெருந்தொற்றின் அவசரநிலை 2023 மே 5ஆம் நாளுடன் முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வைரசோ நம்மிடையே தங்கிவிட்டது. இனி வரும் நோய் எதுவாயினும், அதனை எதிர்கொள்ளும் வைத்தியர் இரு கேள்விகளைக் கேட்டே தீருவர். பகைவன் எவ்வளவு வலியன் என்பது ஒன்று. காவலர் எந்நிலையில் உள்ளனர் என்பது மற்றொன்று. இரண்டாம் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு மனித குலம் கொடுத்த விலை மிகப் பெரிது. வேலி வேண்டும், அவ்வேலிக்கும் ஒரு காவல் வேண்டும்.